வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெற்று வரி

அந்த மனிதரிடம் யார் என்ன குறை சொன்னாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "எது மாறிச்சு?" காடி, அதான் கார், கிளம்பவில்லை என்று சொல்லுங்கள், வயிறு சரியில்லை என்று சொல்லுங்கள், மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்லுங்கள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது, அப்புறம் எது மாறிச்சு என்பார். மாறியது எதுவோ அதில்தான் கோளாறு, மாறாததைத் திரும்பிக்கூடப் பார்க்காதே என்பது அவருடைய வேதம். அந்த வேதத்தையும் நான் நம்பவில்லை, அதை ஓதியவரையும் நம்பவில்லை.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையில் போட மாட்டேன். படித்து முடித்ததும் கிடைத்த வேலையும் அதற்கேற்ற மாதிரியே அமைந்தது. மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. தீவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆபிஸ். பத்து மணிக்கே கீழ்க்கடை நாசி கண்டார் சோற்றுக் குழம்பு வாசம் படியேறி வந்து வேலையைக் கெடுக்கும். முதலாளி சீனர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நிரல் எழுதுகிறவர்களுக்குத் தலைவர்போல இருந்தவர்தான் நான் சொல்லும் மனிதர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் வீடு, தினமும் பாலம் ஏறித் தீவுக்கு வந்து போவார்.

கிளினிக்குகளில் மாத்திரைப் பொட்டலத்தின் மேல் ஒட்டுகிறார்களே சின்ன லேபிள், எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று, அதை அச்சடிக்கும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. மலாய், இங்கிலீஷ், சீனம், தமிழ் என்று நாலு மொழியில் வரும். தமிழ் கடைசி வரி. இந்த நாட்டில் நாலு மொழி எழுதினால் நாம் எத்தனையாவது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கடைசி வரியை எழுதி, சரிபார்த்து, காவல் காத்தது நான்.

காவல் என்று சும்மா சொல்லவில்லை. அதே அக்கரையில், பாகான் டாலாமில் என்னோடு இருக்கும் அப்பா அந்த வரியைப் படித்துத்தான் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டார். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் சில வருடம் படித்ததோடு சரி, அப்புறம் ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காடு, பிறகு துறைமுகம். மலாய் தண்ணீராகப் பேசுவார், எழுத்து ஓடாது. காதும் மந்தம். மாத்திரை விஷயத்தில் என்னைக் கிட்டே சேர்க்க மாட்டார். எனக்குப் படிக்கத் தெரியாதா என்று கோபம் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மட்டும் பொட்டலத்தை நீட்டி, இந்த வரி என் மகள் எழுதியது என்று காட்டுவார். என் வரி தவறினால் அப்பாவின் மாத்திரையும் தவறும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த ஆபிஸில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எங்கள் வேலை முறை இப்படி. ஒருவர் ஏதோ ஒரு ஃபைலில் ஒரு எழுத்தை மாற்றினாலும், இருக்கும் சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து கடைசிவரை தானாக ஓடும். எல்லாம் பச்சை காட்டினால்தான் அந்த மாற்றம் கிளினிக்குகளுக்குப் போகும். ஒன்று சிவப்பானாலும் கதவு சாத்திக்கொள்ளும். இதில் லேபிள் சோதனைதான் ஆமை. ஒவ்வொரு லேபிளையும் அச்சு எந்திரத்தின் மென்பொருள் வழியாகப் படமாக எடுத்து, சரியான படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பில்லில் ஒரு தேதியைத் திருத்தியவன் லேபிள் சோதனை முடிகிறவரை கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருப்பான். சோதனை ஓடுவதற்கு வாடகைக் கணினி வேறு. முதலாளி மாதாமாதம் முனகுவார்.

அண்ணன் ஒரு நாள் அதை மாற்றியமைத்தார். பில் பகுதி ஃபைல்களில் கை வைத்தால் பில் சோதனை மட்டும் ஓடும். லேபிள் பகுதியில் கை வைத்தால் லேபிள் சோதனை. தொடாத பகுதிக்குச் சோதனையே கிடையாது. கூட்டத்தில் எழுந்து நின்று அதை அவர் விளக்கிய அழகை இப்போதும் மறக்க முடியவில்லை. முதலாளிக்காக இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு போடு போட்டார்.

"கல்யாண வீட்டுல சாம்பார்ல உப்பு கூட்டினவன் சாம்பார ருசி பாத்தா போதும்லா. பாயசத்தையும் எடுத்து நக்கிப் பாக்கணுமா? மாறாதது கெடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி அந்த வாரமே வாடகைக் கணினிகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரைத் துறைத் தலைவர் ஆக்கினார். வேலை சீக்கிரம் முடிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. கடல் தாண்டும் மாலைப் பெரியைப் பிடித்து வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஓடாத சோதனைக்கும் திரையில் பச்சைதான் விழுந்தது. ஓடித் தேறியதும் பச்சை, ஓடவே ஓடாததும் பச்சை. பரீட்சைக்கே வராத பிள்ளைக்குப் பாஸ் போடுவது என்ன நியாயம் என்று அவரிடமே கேட்டேன். பாடம் மாறவில்லையே அம்மா, போன தடவை பாஸ் பண்ணின பிள்ளைதானே என்றார். பதில் சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்கக் கவனிக்க ஆள் சரியில்லை என்றே பட்டது.

எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போனோம் ஒரு நாள். கடைசியாக வந்த பையன் ஆபிஸ் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தான். அண்ணன் விடவில்லை. பூட்டினது உன் கைதானே, உன் கையையே நம்பாதவன் கல்யாணம் எப்படிப் பண்ணுவாய் என்று படி முழுக்கக் கிண்டல். கீழே வந்து மேசை பிடித்து உட்கார்ந்ததும், அடடா, போனை மேலேயே விட்டுவிட்டேன் என்று எழுந்து போனார். போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. துணி வழியாக அதன் வெளிச்சம்கூடத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மேலே பூட்டை இழுக்கும் சத்தம் கேட்டது, ஒரு தடவை இல்லை, பல தடவை. இறங்கி வந்து ஒன்றுமே நடக்காததுபோல கோழிக் குழம்பு ஊற்றச் சொன்னார்.

இன்னொரு நாள் மழை. என்னைப் பெரித் துறையில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காடியில் ஏற்றிக்கொண்டார். வழியில் மனைவி போன் செய்து, காஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று சந்தேகமாக இருக்கிறது, பாதி வழி வந்துவிட்டேன் என்றார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தினமும் அணைக்கிற அடுப்பு இன்றைக்கு மட்டும் எப்படி அணையாமல் இருக்கும், எது மாறிச்சு, பேசாமல் போ என்று அதட்டிவிட்டு வைத்தார். என்னை இறக்கிவிட்டதும் காடிக் கண்ணாடியை ஏற்றினார். நான் குடையை விரிக்கக் கொஞ்சம் தாமதமானது. உள்ளே அவர் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, ஜன்னல் வழியாக எங்கள் அடுப்பைக் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது, முழுக்க மூடாத கண்ணாடி வழியாகக் காதில் விழுந்தது.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டுத் தான் ஒன்று செய்கிறவனை நான் எந்தக் காலத்திலும் நம்பினதில்லை. மடியில் கனம் இல்லாதவன் ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அந்த வெற்று வரியைப் பார்த்தேன்.

யார் எந்த ஃபைலில் என்ன மாற்றினார் என்பது பெயரோடு பதிவாகும். என் வேலைக்கு அதைப் புரட்டுவது வழக்கம். தமிழ் லேபிள் ஃபைலில் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் பெயரில் ஒரு மாற்றம் இருந்தது. என்னவென்று பார்த்தால், அடியில் ஒரு வெற்று வரி. ஒரு எழுத்து இல்லை, ஒரு புள்ளி இல்லை. காரணம் என்ற இடத்தில் சிறு திருத்தம் என்று போட்டிருந்தார். அடுத்த வெள்ளி அந்த வெற்று வரியை எடுத்திருந்தார். அதற்கும் சிறு திருத்தம். அடுத்த வெள்ளி மறுபடி சேர்த்திருந்தார். பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். அவர் துறைத் தலைவரான நாளிலிருந்து இதே கூத்து நடந்திருக்கிறது.

என் ஃபைல். என் வரி. அதில் வாராவாரம் கை வைக்கிறவர், தேவையில்லாமல் எதையும் தொடாதே என்று ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவர். எனக்கு வராத யோசனை இல்லை. வேலை செய்ததாகக் கணக்குக் காட்டுகிறாரா? வெற்று வரிக்குப் பின்னால் வேறு எதையாவது நுழைக்கிறாரா? ஏதாவது கெட்டுப்போனால் பழியை என் தலையில் கட்ட இப்போதே வழி பண்ணுகிறாரா? பேச்சுவாக்கில் கேட்பதுபோல ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். கை பட்டிருக்கும்மா என்றார். வெள்ளிக்கிழமை மட்டும் படுகிற கை! காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை. முதலாளியிடம் போகிறதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கையில் சேரட்டும் என்று காத்திருந்தேன்.

இதற்கு நடுவில் அவர் மனைவிக்குப் பிரசவம். மூன்றாவது குழந்தை, தாய்க்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. அண்ணன் நீண்ட விடுப்பில் போனார். வெள்ளிக்கிழமைகள் வந்து போயின, வெற்று வரி வரவில்லை. ஆள் இல்லாததால் கூத்தும் இல்லை, பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேபிள் பகுதியில் யாரும் கை வைக்கவில்லை. திரையில் தினமும் பச்சை.

திரும்பி வந்தபோது ஆள் இளைத்திருந்தார். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் தொழுகை நேரத்தில் தெரு அடங்கியிருந்தது, ஆபிஸிலும் பேச்சு இல்லை. திடீரென்று பெரிய திரையில் லேபிள் சோதனை சிவப்பானது.

எல்லோரும் எழுந்து வந்தோம். படத்தைத் திறந்து பார்த்தால், லேபிளில் மலாய் இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது, சீனம் இருக்கிறது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் லேபிளே முடிந்துவிட்டது. எல்லா லேபிளிலும் அப்படியே. முதலாளி தன் அறையிலிருந்து வந்து, அண்ணனிடமே கற்றுக்கொண்ட கேள்வியை இங்கிலீஷில் கேட்டார், என்ன மாறியது என்று. பதிவைத் திறந்தார்கள். மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் அண்ணன் பெயரில் ஒரு வெற்று வரி.

அவர் வேதப்படி வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மாறியது எதுவோ அதில்தான் கோளாறு. தன் வினை தன்னைச் சுடும் என்று நான் நினைத்தேன், நினைக்கும்போது கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. வந்த முதல் நாளே இப்படியா, மருந்து லேபிளில் விளையாடுகிறவனை எப்படித் தலைவராக வைத்துக்கொள்வது என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கை பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார். அந்த வரியை எடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள், மற்றதைத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று முதலாளி திரும்பினார்.

எனக்குள் இருக்கும் சந்தேகக்காரி அப்போதுதான் மறுபக்கம் திரும்பினாள். ஒரு வெற்று வரி ஒரு மொழியையே தின்னுமா? வாராவாரம் போட்டபோதெல்லாம் தின்னாதது இன்றைக்கு மட்டும் எப்படித் தின்னும்? வேண்டாத ஆளாக இருந்தாலும் கணக்கு சரியாக வர வேண்டுமே.

"எடுத்துட்டு இன்னொரு தடவ ஓட்டிப் பாப்போம்" என்றேன்.

நானே எடுத்தேன். லேபிள் ஃபைலைத் தொட்டதால் சோதனை மறுபடி ஓடியது. முடிகிறவரை யாரும் உட்காரவில்லை.

சிவப்பு.

வெற்று வரி இல்லை, ஆனால் தமிழும் இல்லை. எங்கள் ஃபைல்களில் எதுவுமே மாறவில்லை, லேபிள் கெட்டுக் கிடக்கிறது. கொஞ்சம் தோண்டியதும் விஷயம் தெரிந்தது. அச்சு எந்திரத்தின் மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, அண்ணன் விடுப்பில் இருந்த காலத்தில். புதியது லேபிளின் அடியில் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டது. அந்த இடத்தில்தான் கடைசி வரி இருந்தது. அது எங்கள் ஃபைல் இல்லை, அதனால் அது மாறியது எங்கள் சோதனைக்குத் தெரியாது. எங்கள் ஆபிஸ் எந்திரத்தில் நடந்தது கிளினிக் எந்திரங்களிலும் நடந்திருக்கும். இத்தனை நாளும் தமிழ் இல்லாத லேபிள் ஒட்டிய பொட்டலங்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. எங்கள் திரை பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் போனை எடுத்துக் கிளினிக்குகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். நான் என் போனில் அப்பாவைக் கூப்பிட்டேன். பொட்டலத்தை எடுத்துத் தமிழ் வரியைப் படியுங்கள் என்று கத்தினேன், காது மந்தம் என்பதால் கத்தத்தான் வேண்டும்.

"தமிழ்தான் இல்லையே இப்ப" என்றார் அப்பா. "கடைசி வரிதானே, எடுத்துட்டாங்கன்னு நெனைச்சேன். ஒனக்குத் தெரியும்னு நான் ஒன்னும் கேக்கல."

அதே நிறம், அதே மாத்திரை என்று பழையபடி முழுசாகச் சாப்பிட்டிருக்கிறார். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதால் கடைசியாகப் போனபோது டாக்டர் பாதியாக்கியிருந்தார். மலாய் வரியில் பாதி என்று இருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணும் வாயால் சொன்னாளாம், இவர் காதில் விழாமலே தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது, வெயில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று காலை பசாரில் மீன்கடை முன்னால் மயங்கி விழுந்து நெற்றியில் அடிபட்டிருக்கிறது. யாரோ தூக்கி உட்காரவைத்து, குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் பயப்படுவேன் என்று சொல்லவில்லை.

அன்று நான் அழுதுகொண்டே பெரி ஏறினேன். அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, நெற்றியில் தையல் போட்டு, மாத்திரையைச் சரிபண்ணி அனுப்பினார்கள். இன்னும் சில நாள் இப்படியே போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆபிஸில் கதை தலைகீழாகிவிட்டது. அண்ணனுக்குக் கை தவறியது தெய்வச் செயல், அவர் மட்டும் தெரியாத்தனமாக அந்த ஃபைலைத் தொட்டிருக்காவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது என்று முதலாளி எல்லோருக்கும் எழுதியிருந்தார். கிளினிக்குகளை எல்லாம் அவரே கூப்பிட்டுச் சரிபண்ணியதற்குப் பாராட்டு வேறு. அண்ணன் அதற்கு ஒரு மறுப்பும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை தவறியதாவது? வாராவாரம் தவறிய கை அது. ஏன் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாகான் டாலாமில் எங்கள் வீட்டு வாசலில் அவர் காடி வந்து நின்றது. கையில் ஆரஞ்சுப் பழப் பை. அப்பாவுக்கு இவர்தான் லேபிளைக் கண்டுபிடித்தவர் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். எழுந்து உட்கார்ந்து, நீங்கதானா அந்தத் தம்பி, நல்ல வேளை பார்த்தீங்க, உங்கள் கை ராசியான கை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்து நின்று, இதையும் வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"கை படல அங்கிள். நான் வேணும்னே தொட்டேன்" என்றார். "வாராவாரம் தொடுவேன். தொட்டாத்தான் அந்தச் சோதனை ஓடும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல், அப்பாவுக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, சத்தமாகச் சொன்னார். மாறாதது கெடாது என்று கூட்டத்தில் சொன்ன அன்றைக்கே சந்தேகம் அரிக்க ஆரம்பித்துவிட்டதாம். லேபிள் நம் ஃபைலை மட்டும் நம்பியா இருக்கிறது, வெளியே என்னென்னவோ இருக்கிறதே, எது எதைத் தொடும் என்று யாருக்குத் தெரியும் என்று. ஆனால் முதலாளி கணினிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பதவி கொடுத்துவிட்டார், எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். நான் சொன்னது தப்பு, லேபிள் சோதனையை மட்டும் மாறினாலும் மாறாவிட்டாலும் ஓட்டுங்கள் என்று முதலாளியிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் திருட்டுத்தனமாக ஒரு வெற்று வரி. அது ஓடி, பச்சை வந்தால்தான் அந்த வாரம் நிம்மதியாக வீட்டுக்குப் போவாராம். விடுப்பில் போகும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக நினைத்திருக்கிறார். என்னிடம் சொல்லலாம் என்றுகூட நினைத்தாராம்.

"சொல்லியிருந்தா ஒங்களுக்கு இந்தத் தையல் இல்ல அங்கிள். எனக்கு வெக்கமா இருந்திச்சு."

இத்தனை நாள் இந்த மனிதரைத் திருடன் என்று நினைத்திருந்தேன். திருட்டுத்தான் பண்ணியிருக்கிறார், என் அப்பா மாதிரி ஆட்களுக்காகத்தான் பண்ணியிருக்கிறார், அதை நேர்வழியில் பண்ணியிருந்தால் என் அப்பா விழுந்தே இருக்க மாட்டார். அவரைக் கும்பிடுவதா, வெளியே போகச் சொல்வதா?

அப்பா நெற்றித் தையலைத் தடவிக்கொண்டு அவரைப் பார்த்தார். திட்டவில்லை, குரலும் உயரவில்லை.

"வெக்கம் ஒனக்குன்னா மயக்கம் எனக்கா தம்பி வரணும்?"

அண்ணன் தலை குனிந்தார். யாரும் சிரிக்கவில்லை. காப்பி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பைப் பற்றவைக்காமல் அங்கேயே நின்றேன். முன்னறையிலிருந்து அப்பா ஆரஞ்சு உரிக்கும் வாசம் மட்டும் வந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். பாராட்டுக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று முதலாளி சிரித்த முகத்தோடு வந்தார். அண்ணன் முன்னுரை ஒன்றும் இல்லாமல், அப்பா அவரிடம் கேட்ட கேள்வியை அப்படியே தமிழில் சொன்னார். ஆபிஸில் தமிழ் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, என்னவென்று கேட்டார். அண்ணன் முதலிலிருந்து இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார், சோதனையை நிறுத்தியது, வெற்று வரி, வெள்ளிக்கிழமை, விடுப்பு. பதவி போகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மீன்கடை முன்னால் அப்பா விழுந்த இடம் வந்தபோது அவர் குரல் நின்றுவிட்டது. மறுபடி முயன்றார், வரவில்லை. மீதியை நான் சொல்லி முடித்தேன்.